பத்தில் எட்டு தோல்வி... ஆனாலும் மறக்க முடியாத சீசன்! ஒரு கல்லூரி அணி மீண்டு வந்த கதை

1971 செப்டம்பர் 25. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள ஹண்டிங்டன் நகரம். ஃபேர்ஃபீல்டு மைதானத்தின் ஸ்கோர்போர்டில் சேவியர் பல்கலைக்கழக அணிக்கு 13 புள்ளிகள், சொந்த ஊர் அணியான மார்ஷல் பல்கலைக்கழகத்துக்கு 9. ஆட்டத்தில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு முயற்சிதான்.

பந்தை வாங்கிய ரெஜி ஆலிவர் ஒரு பக்கம் ஓடுவதுபோலப் போக்குக் காட்டிவிட்டு, மறுபக்கம் நின்ற டெர்ரி கார்ட்னரிடம் வீசினார். கார்ட்னர் அப்போது முதலாம் ஆண்டு மாணவர். பந்தோடு ஓடி எல்லைக் கோட்டைத் தாண்டினார். 15-13. ஜெயிச்சாச்சு!

ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கினார்கள். வெகுநேரம் வரை பலர் வீட்டுக்கே போகவில்லை. அழுதுகொண்டே நின்றார்கள்.

இத்தனைக்கும் அது கோப்பைக்கான ஆட்டம் இல்லை. அந்த சீசனில் மார்ஷல் ஆடியது பத்து ஆட்டம். வென்றது இரண்டே இரண்டு. பட்டியலில் பார்த்தால் படுதோல்வியான வருடம். ஆனாலும் ஐம்பது ஆண்டுகள் தாண்டியும் அந்த ஊர் அந்த சீசனைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறது. காரணம், பத்து மாதங்களுக்கு முன்பு அந்தக் கல்லூரிக்கு அணி என்று சொல்லிக்கொள்ள எதுவுமே மிஞ்சியிருக்கவில்லை.

முதலில், இது எந்த ஃபுட்பால்?

நாம் கால்பந்து என்று சொல்வதை அமெரிக்கர்கள் ‘சாக்கர்’ என்பார்கள். அவர்கள் ஃபுட்பால் என்பது வேறு. தலைக்கவசம், தோள்பட்டைக் கவசம் மாட்டிக்கொண்டு, இரு பக்கமும் கூர்மையான பந்தைக் கையில் வைத்துக்கொண்டு மோதும் ஆட்டம் அது. ஒரு பக்கத்துக்கு 11 பேர். பந்தோடு எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டினால் ‘டச் டவுன்’, 6 புள்ளிகள். கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்பினால் ‘ஃபீல்டு கோல்’, 3 புள்ளிகள். இந்தக் கதைக்கு இந்த அளவு விதி தெரிந்தால் போதும்.

ஒரு கல்லூரி அணிக்கு ஏன் இவ்வளவு மவுசு?

நம் ஊரில் கல்லூரி அணியின் சீசன் என்பது பெரும்பாலும் வெளியே தெரியாமல் முடிந்துவிடும். கல்லூரிகளுக்கு இடையே போட்டி, அதில் தேறுபவர்களைக் கொண்டு பல்கலைக்கழக அணி, பிறகு தென் மண்டலம், அங்கும் தேறினால் அகில இந்தியப் போட்டி. நாக்-அவுட் சுற்றில் ஒரு ஆட்டம் தோற்றால் அந்த வருடம் அவ்வளவுதான். பார்க்க வருவதோ சக மாணவர்கள் கொஞ்சம் பேரும் பி.டி. சாரும்தான்.

ஆனாலும் ஒரு விஷயம் இங்கேயும் உண்டு. கொல்லிமலையின் குண்டனி நாடு மாதிரி ஒரு மலை ஊரில் இருந்து ஒரு பையன் கீழே இறங்கி, நாமக்கல்லிலோ சேலத்திலோ கல்லூரி அணியில் இடம்பிடித்தால், அவன் வீட்டுப் பிள்ளையாக மட்டும் ஆடுவதில்லை. ஊர்ப் பிள்ளையாக ஆடுகிறான். தோற்றாலும் ஜெயித்தாலும் ஊரே விசாரிக்கும்.

அமெரிக்காவில் இந்த உணர்வு ஊர் ஊராகப் பரவிக் கிடக்கிறது. தொழில்முறை அணிகள் பெருநகரங்களில்தான் இருக்கும். ஹண்டிங்டன் போன்ற நடுத்தர ஊர்களுக்குக் கல்லூரி அணிதான் எல்லாம். அப்பலாச்சியன் மலைத்தொடரை ஒட்டி, ஒஹையோ ஆற்றங்கரையில், நிலக்கரியும் ரயிலும் சோறு போட்ட ஊர் அது. சனிக்கிழமை ஆனால் டாக்டர், கடைக்காரர், கவுன்சிலர் என எல்லோரும் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு மைதானத்தில் இருப்பார்கள். அணிக்குப் பணம் திரட்டித் தருபவர்களும் அவர்களே. வெளியூர் ஆட்டத்துக்கும் கூடவே போவார்கள்.

அந்தப் பழக்கம்தான் 1970-ல் துயரத்தை மைதானத்தோடு நிற்கவிடாமல் ஊருக்குள் கொண்டுவந்தது.

1970 நவம்பர் 14: என்ன நடந்தது?

அன்று வட கரோலினாவில் ஈஸ்ட் கரோலினா அணியுடன் ஆட்டம். மார்ஷல் 14-17 என மூன்று புள்ளிகளில் தோற்றது. அந்த சீசனில் அதுவரை மூன்று வெற்றி, ஆறு தோல்வி. பாக்கி ஒரு ஆட்டம்தான்.

வழக்கமாக இந்த அணி விமானத்தில் போவது அபூர்வம். பெரும்பாலான ஊர்கள் சாலைவழியாகவே போய்வரும் தூரத்தில் இருந்தன. இந்த முறை தூரம் அதிகம் என்பதால் சதர்ன் ஏர்வேஸ் நிறுவனத்தின் டிசி-9 விமானம் ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். வீரர்களோடு பயிற்சியாளர்கள், கல்லூரி அலுவலர்கள், ஊர்ப் பிரமுகர்கள் என எல்லோரும் ஏறினார்கள்.

இரவு சுமார் 7.35 மணி. ஹண்டிங்டனுக்கு அருகே உள்ள ட்ரை-ஸ்டேட் விமான நிலையத்தில் இறங்க வேண்டிய விமானம், ஓடுபாதைக்கு சுமார் ஒரு மைல் முன்னால் குன்றின் மேலிருந்த மரங்களில் உரசி விழுந்து தீப்பிடித்தது. உள்ளே இருந்த 75 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

இறந்தவர்களில் 37 பேர் வீரர்கள். தலைமைப் பயிற்சியாளர் ரிக் டோலி உள்பட பயிற்சிக் குழுவினரும் அலுவலர்களுமாக 8 பேர். அணியோடு பயணித்த ஊர்க்காரர்கள் 25 பேர். விமானப் பணியாளர்கள் 5 பேர்.

ஒரே இரவில் 70 குழந்தைகள் தாயையோ தந்தையையோ இழந்தார்கள். அவர்களில் 18 பேருக்கு இரண்டு பேருமே இல்லாமல் போனார்கள். அடையாளம் காண முடியாத ஆறு வீரர்களை ஊரின் ஸ்பிரிங் ஹில் கல்லறைத் தோட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். எந்தக் குழியில் எந்தப் பிள்ளை என்று பெற்றவர்களுக்கே தெரியாது.

விபத்துக்கு என்ன காரணம்?

அன்று மழை, மூடுபனி. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பனிக்காலத்தில் போனவர்களுக்குத் தெரியும், சில நேரம் அடுத்த வளைவுகூடக் கண்ணுக்குப் புலப்படாது. பேருந்தாக இருந்தால் டிரைவர் வேகத்தைக் குறைத்து, ஹாரன் அடித்து நகர்வார். விமானம் அப்படி நின்று நிதானிக்க முடியாது.

ட்ரை-ஸ்டேட் விமான நிலையம் குன்றுகள் சூழ்ந்த மேட்டு நிலத்தில் அமைந்தது. ஓடுபாதை எந்தத் திசையில் இருக்கிறது என்று விமானிக்குக் காட்டும் சிக்னல் அங்கே இருந்தது. எந்த உயரத்தில் இறங்கி வர வேண்டும் என்று காட்டும் சிக்னல் இல்லை. இப்படிப்பட்ட இடத்தில் விதி எளிமையானது: குறிப்பிட்ட உயரம் வரை இறங்கு, ஓடுபாதை கண்ணில் பட்டால் மட்டும் அதற்குக் கீழே வா, படாவிட்டால் மேலே ஏறிப் போய்விடு.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தது. ஓடுபாதை கண்ணில் படாத நிலையில் விமானம் அந்தக் குறைந்தபட்ச உயரத்துக்கும் கீழே இறங்கியதே காரணம் என்றது. ஏன் இறங்கியது என்பதை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. விமானி அறைக் கருவிகளின் தகவலைத் தவறாகப் பயன்படுத்தியிருக்கலாம் அல்லது உயரம் காட்டும் கருவியில் பிழை இருந்திருக்கலாம் என்று இரண்டு வாய்ப்புகளை முன்வைத்தது. தரை நெருங்கும்போது எச்சரிக்கும் கருவிகள் பற்றியும் பரிந்துரை செய்தது. இன்று பயணிகள் விமானங்களில் அந்தக் கருவி சாதாரணம். அன்று அப்படி இல்லை.

அணியைக் கலைத்துவிடலாமா?

இதுதான் அடுத்த கேள்வி. நிர்வாகத்தில் கலைத்துவிடலாம் என்ற எண்ணமே மேலோங்கி இருந்தது. அது கல் நெஞ்சம் இல்லை. பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகளுக்கு நடுவே மறுபடி பேண்டு வாத்தியம், கைதட்டல், சியர்ஸ் என்று எப்படித் தொடங்குவது? அந்தச் சீருடையை இன்னொருவர் போட்டுக்கொண்டு ஓடுவதைப் பெற்றவர்கள் எப்படிப் பார்ப்பார்கள்? நியாயமான கேள்விகள்தான்.

எதிர்ப்பக்கம் நின்றவர்கள் மாணவர்களும் ஊர்க்காரர்களும். குறிப்பாக, காயம் முதலான காரணங்களால் அன்று விமானத்தில் போகாமல் தப்பிய சில வீரர்கள். அவர்களில் ஒருவர் நேட் ரஃபின். இறந்த நண்பர்களின் இறுதிச் சடங்குகளுக்கு வாரக்கணக்கில் ஊர் ஊராகப் போய்வந்த பையன்கள் இவர்கள். அணியை மூடிவிட்டால், நண்பர்கள் எதற்காக ஆடினார்களோ அதுவும் சேர்ந்து போய்விடும் என்பது அவர்கள் வாதம்.

கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்தது. அணி தொடரும். ஆனால் அணி எங்கே?

ஆளே இல்லாமல் எப்படி ஆடுவது?

முதல் சிக்கல் பயிற்சியாளர். அந்தப் பதவிக்கு யார் வருவார்கள்? பொறுப்பேற்ற ஒருவர் விரைவிலேயே வேண்டாம் என்று திரும்பிப் போனார். பிறகு ஒஹையோ மாநிலத்தின் வூஸ்டர் என்ற சிறிய கல்லூரியில் இருந்து ஜாக் லெங்கெல் வந்தார்.

பழைய குழுவில் உயிரோடு இருந்த உதவிப் பயிற்சியாளர்களில் ஒருவர் ரெட் டாசன். விபத்து நடந்த அன்று, புதிய வீரர்களைத் தேடும் வேலையாக அவர் காரில் கிளம்பியிருந்தார். இறந்த வீரர்களில் பலரை அவர்கள் வீட்டுக்கே போய், பெற்றோரிடம் பேசி அழைத்து வந்தவர் அவர்தான். ஒரே ஒரு வருடம் மட்டும் இருக்கிறேன் என்று சம்மதித்தார்.

இரண்டாவது சிக்கல் விதி. அப்போது அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் முதலாம் ஆண்டு மாணவர்கள் பிரதான அணியில் ஆடக்கூடாது. அவர்களுக்குத் தனி அணி. முதலில் படிப்பில் கால் ஊன்றட்டும் என்பது அதன் நோக்கம். மார்ஷலிடம் மிஞ்சியிருந்ததோ பெரும்பாலும் அந்த வயதுப் பையன்கள்தான். கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் தேசிய அமைப்பிடம் விதிவிலக்கு கேட்டார்கள். கிடைத்தது. அதற்கு அடுத்த வருடம், 1972-ல், முதலாம் ஆண்டு மாணவர்களுக்கான தடை எல்லாக் கல்லூரிகளுக்குமே நீங்கியது.

மூன்றாவது சிக்கல் ஆட்களின் எண்ணிக்கை. மற்ற விளையாட்டுகளில் இருந்தவர்களையும் கூப்பிட்டார்கள். பந்தை உதைக்க ஆள் வேண்டும் என்றபோது சாக்கர் ஆடிய பிளேக் ஸ்மித் வந்து சேர்ந்தார். அணியின் பெயர் ‘தண்டரிங் ஹெர்ட்’, அதாவது இடியென ஓடும் மந்தை. 1971 அணிக்கு ‘யங் தண்டரிங் ஹெர்ட்’ என்று பெயர் வைத்தார்கள். உண்மையிலேயே கன்றுக்குட்டிகளின் மந்தை.

நான்காவது சிக்கல் ஆட்டமுறை. அனுபவமும் உடல் பலமும் குறைந்த பையன்களை வைத்து நேருக்கு நேர் மோதினால் நசுங்கிவிடுவார்கள். வேகத்தாலும் ஏமாற்றுத் திருப்பங்களாலும் ஆடும் ‘வீர்’ என்ற முறை பொருந்தும் என்று லெங்கெல் நினைத்தார். அதைக் கற்றுக்கொள்ள அவர்கள் போனது அதே மாநிலத்தின் பெரிய அணியான மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்கு. அங்கே பயிற்சியாளர் பாபி பௌடன். ஒரு அணியின் வியூகக் குறிப்பேடு என்பது வெளியாளிடம் காட்டாத பொருள். பௌடன் அதைத் திறந்துகொடுத்தார். ஆட்டப் பதிவுகளையும் காட்டினார்.

விபத்து நடந்த 1970 சீசனில் மார்ஷலுக்குப் பாக்கி இருந்த கடைசி ஆட்டத்தைத் தன் அணியே மார்ஷலுக்காக ஆடித்தர அனுமதி கேட்டவரும் அவர்தான். அந்த அனுமதி கிடைக்கவில்லை. பிற்காலத்தில் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் மிகப் புகழ்பெற்ற பயிற்சியாளர்களில் ஒருவராக ஆனார் பௌடன்.

அந்தப் பத்து ஆட்டங்கள்

1971 செப்டம்பர் 18. முதல் ஆட்டம், மோர்ஹெட் ஸ்டேட் அணியின் ஊரில். 6-29 தோல்வி. யாரும் ஆச்சரியப்படவில்லை.

அடுத்த வாரம்தான் சொந்த மண்ணில் முதல் ஆட்டம். எதிரணி சேவியர். மார்ஷலின் முதல் புள்ளிகளை எடுத்துத் தந்தது அந்த சாக்கர் பையன் பிளேக் ஸ்மித்தின் உதை. பிறகு முன்னும் பின்னுமாகப் போன ஆட்டம், தொடக்கத்தில் சொன்ன அந்தக் கடைசி நொடியில் முடிந்தது.

கடைசிப் பந்தை வீசிய ஆலிவர் 1970-ல் முதலாம் ஆண்டு மாணவர். அதனால்தான் அன்று பிரதான அணியோடு அவர் பயணிக்கவில்லை. அவருடைய ஊரான அலபாமாவின் டஸ்கலூசாவில் இருந்து மார்ஷலுக்கு வந்து ஆடிய நான்கு பேர் அந்த விமானத்தில் இருந்தார்கள். எந்த விதி அவரைக் காப்பாற்றியதோ, அதைத் தளர்த்தியதால்தான் அவரிடம் இருந்து பந்தை வாங்கிய கார்ட்னர் களத்தில் இருந்தார்.

சினிமாவாக இருந்தால் இங்கே ‘சுபம்’ போட்டிருப்பார்கள். நிஜத்தில், அடுத்த ஆட்டத்திலேயே ஒஹையோவின் மயாமி அணி 66-6 என்று துவைத்து எடுத்தது. சில ஆட்டங்களில் மார்ஷல் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. அக்டோபர் 30 அன்று, பழைய மாணவர்கள் ஊர் திரும்பும் ‘ஹோம்கமிங்’ ஆட்டத்தில் பௌலிங் கிரீன் அணியை 12-10 என்று வென்றது இரண்டாவது வெற்றி. அத்தோடு சரி. இரண்டு வெற்றி, எட்டு தோல்வி.

அடுத்த வருடமே எல்லாம் சரியாகிவிட்டதா?

இல்லை. லெங்கெல் நான்கு வருடம் இருந்தார். மொத்தம் 9 வெற்றி, 33 தோல்வி. அவருக்குப் பின் வந்தவர்களும் தடுமாறினார்கள். தோல்வியைவிட வெற்றி அதிகமான ஒரு சீசனை மார்ஷல் பார்த்தது 1984-ல்தான். 1964-க்குப் பிறகு அதுதான் முதல் முறை.

பிறகு காற்று திரும்பியது. 1992-ல் தங்கள் பிரிவில் தேசிய சாம்பியன். இறுதி ஆட்டத்தில் யங்ஸ்டவுன் ஸ்டேட் அணியை 31-28 என்று வீழ்த்திய கடைசி உதை வில்லி மெரிக் என்பவருடையது. அவரும் சாக்கர் ஆடிவிட்டு வந்தவர்! 1996-ல் 15 ஆட்டம் ஆடி 15-லும் வெற்றி, மறுபடி சாம்பியன். அதற்கும் மேல் பிரிவுக்குப் போய், 1999-ல் 13-க்கு 13.

மனிதர்கள் விஷயத்தில் கணக்கு இவ்வளவு சுலபமாக நேராகவில்லை. ரெட் டாசன் சொன்னபடி 1971 சீசன் முடிந்ததும் பயிற்சியாளர் தொழிலையே விட்டு விலகினார். அதே ஊரில் கட்டுமானத் தொழில் பார்த்தார். தான் மட்டும் ஏன் பிழைத்தோம் என்ற கேள்வி அவரை விடவில்லை. பல ஆண்டுகள் அந்த நாளைப் பற்றிப் பேசவே மறுத்தார்.

மார்ஷல் ஆட்டங்களுக்கு ரேடியோவில் வர்ணனை சொன்ன ஜீன் மோர்ஹவுஸும் இறந்தவர்களில் ஒருவர். சிறுவனாக இருந்த அவர் மகன் கீத் வளர்ந்து, அப்பாவைப் போலவே விளையாட்டுச் செய்தியாளர் ஆனார். அவர் மணந்த பெண்ணின் பெற்றோர் இருவருமே அந்த விமானத்தில் போனவர்கள்.

2006-ல் ‘வி ஆர் மார்ஷல்’ என்ற ஹாலிவுட் படம் வந்த பிறகுதான் உலகத்தில் பலருக்கு இந்தக் கதை தெரிந்தது. மேத்யூ மெக்கானஹே அதில் லெங்கெல் வேடத்தில் நடித்தார். ஹண்டிங்டனுக்குப் படம் எதையும் நினைவுபடுத்த வேண்டியிருக்கவில்லை.

அப்படியானால் அந்த சீசன் சாதித்தது என்ன?

ஒரு ஊருக்கு இவ்வளவு பெரிய சாவு விழுந்தால், அடுத்து செய்ய வேண்டியது என்ன என்று யாருக்கும் தெரியாது. கருமாதி வரைக்கும் சடங்குகள் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போகும். அதற்குப் பிறகு வரும் சாதாரண நாட்கள்தான் கஷ்டம். 1971 சீசன் ஹண்டிங்டனுக்குத் தந்தது அந்தச் சாதாரண நாட்களைத்தான். செவ்வாய்க்கிழமை பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம், தோற்றால் புலம்பல், மறுபடி செவ்வாய்க்கிழமை. வெற்றி தோல்வியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் லெங்கெல் தொடங்கினார். பத்து ஆட்டத்துக்கும் ஆள் திரண்டது. அந்தச் சங்கிலி அறுந்திருந்தால் 1992-ம் இல்லை, 1999-ம் இல்லை.

மார்ஷல் வளாகத்தின் நடுவே ஒரு நீரூற்று இருக்கிறது. ஹேரி பெர்டோயா என்ற சிற்பி வடிவமைத்து, 1972 நவம்பரில் திறக்கப்பட்டது. ஒவ்வொரு நவம்பர் 14-ம் தேதியும் ஊர் அங்கே கூடும். 75 பெயர்களையும் வாசிப்பார்கள். மலர்வளையம் வைப்பார்கள். பிறகு தண்ணீரை நிறுத்திவிடுவார்கள்.

குளிர்காலம் முழுக்க அது வறண்டே கிடக்கும். வசந்த காலத்தில் மறுபடி திறந்துவிடுவார்கள். அதே காலத்தில்தான் மைதானத்தில் அடுத்த சீசனுக்கான பயிற்சியும் தொடங்கும்.